பாலாற்றுக்கு ஓர் ஆற்றுப்படை

நுழையும்முன்

வழியறியாதவருக்கு வழி சொல்வதையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்த மொழி தமிழ். 'ஆறு' என்னும் சொல் நதியையும் குறிக்கும், வழியையும் குறிக்கும். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை ஆகிய தோல்தொழில் நகரங்களைத் தன் கரையில் கொண்ட பாலாறு, ஆண்டின் பெரும்பகுதியில் மணல்வெளியாகக் கிடக்கிறது. அந்த ஆற்றோரமாக மாணவர் தாமே திட்டமிட்டுச் செல்லத்தக்க கற்றல் பயணம் ஒன்று வேண்டும் என்பதை இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

கையேடும் குறிக்கம்பமும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஜோஷுவா ட்ரீ என்னும் பாலைநிலத் தேசியப் பூங்கா உள்ளது. அதனுள் 18 மைல் நீளமுள்ள சாலை ஒன்று நிலவியல் பயணச் சாலை எனப் பெயர் பெற்றிருக்கிறது. அங்கே வழிகாட்டி எவரும் உடன் வருவதில்லை. வழியில் 16 இடங்கள் எண்ணிட்டுக் குறிக்கப்பட்டுள்ளன. பயணியின் கையில் ஒரு சிறு கையேடு இருக்கும். எண் கண்ட இடத்தில் வண்டியை நிறுத்தி, அந்த எண்ணுக்குரிய பகுதியைப் படித்து, எதிரே நிற்கும் பாறை எவ்வாறு உருவாயிற்று என்பதைத் தாமே கண்டறிந்து, அடுத்த எண்ணை நோக்கிச் செல்லவேண்டும். இத்தகைய பயணத்தைத் தன்வழிப் பயணம் எனலாம்.

தன்வழிப் பயணத்தின் உயிர் அதன் முன்னேற்பாட்டில் இருக்கிறது. பாலைநிலப் பூங்காவுக்குச் செல்வோர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 லிட்டர் குடிநீர் கொண்டுசெல்ல வேண்டும். எரிபொருள் நிரப்பிக்கொள்ள வேண்டும். கைப்பேசி இயங்காத இடங்கள் உண்டு என்பதால் அச்சிட்ட நிலப்படம் வேண்டும். புறப்படும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிச் செல்ல வேண்டும். நண்பகலில் நடத்தலைத் தவிர்க்க வேண்டும். தொலைவில் மழை பெய்தால் உலர்ந்த ஓடையிலும் திடீர் வெள்ளம் வரும் என்பதை அறிந்திருக்க வேண்டும். சாலையை விட்டு வண்டியை இறக்கக்கூடாது.

இந்தியாவிலும் இராஜஸ்தானின் ஜெய்சல்மர், பார்மர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பில் பாலைவனத் தேசியப் பூங்கா அமைந்துள்ளது. அழிவின் விளிம்பில் நிற்கும் கானமயிலின் கடைசிப் புகலிடங்களுள் அதுவும் ஒன்று. அங்குச் செல்லும் பயணியும் இதே கட்டுப்பாடுகளைக் கைக்கொள்கிறார். வறண்ட நிலத்தை மதிக்கக் கற்றபின்பே அதனுள் நுழைய வேண்டும் என்பது எங்கும் பொதுவான நெறி. தொலைதூரத்துப் பாலைக்கு இவ்வளவு ஆயத்தம் செய்கிறவர்கள், வீட்டுக்கு அருகே மணலாகிக் கிடக்கும் ஓர் ஆற்றை நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கணம்கூடத் திரும்பிப் பாராமல் கடந்துவிடுகிறார்கள். இம்முரணே இங்கு எண்ணிப் பார்க்கத்தக்கது.

தமிழரின் கையேட்டு மரபு

வழிகாட்டும் கையேடு தமிழருக்குப் புதியதன்று. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவர், பரிசில் வேண்டி வரும் மற்றொருவரை வள்ளலிடம் ஆற்றுப்படுத்துவது அவற்றின் அமைப்பு. அவற்றுள் கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும் மலைபடுகடாம், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கத்தை ஆண்ட நன்னனிடம் கூத்தரை வழிப்படுத்துகிறது. 583 அடிகள் கொண்ட அந்நூல் வள்ளலின் புகழைப் பாடுவதோடு நின்றுவிடவில்லை. எவ்வழி எளியது, எவ்வழி கடியது, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லிலிருந்து தப்புவது எப்படி, எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்றெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்கிறது. அந்நூல் பாடும் சேயாறு இன்றும் உள்ளது. சவ்வாது மலையில் பிறந்து பாலாற்றில் கலக்கும் துணையாறு அது. ஆகவே, தமிழின் மிகச் சிறந்த வழிநூல்களுள் ஒன்று பாலாற்றுப் படுகையைச் சார்ந்தே பிறந்திருக்கிறது எனலாம்.

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையிலும் வழி உரைக்கும் காட்சி ஒன்று உண்டு. மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளையும் அவற்றின் இடர்களையும் மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு எடுத்துரைக்கிறான். அப்போது அவன் கூறும் ஒரு கருத்து இன்றைய சூழலியல் அறிவுக்கும் ஒப்பானது. பாலை தனக்கென இயல்பான நிலம் உடையதன்று. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்டுத் திரியும்போது கொள்ளும் வடிவமே பாலை. வளமான நிலமும் பாலையாகலாம் என்னும் எச்சரிக்கை அக்கருத்தினுள் அடங்கியிருக்கிறது.

வேனிலும் கதிரவனும் கூடி நிலத்தைத் திரித்தனர் என்பது காப்பியத்தின் கூற்று. பாலாற்றுப் படுகையைத் திரித்தவை வேறு. மேற்பகுதியில் எழுந்த தடுப்பணைகளும், அளவின்றி அள்ளப்பட்ட மணலும், ஆழ்துளைக் கிணறுகளும், தோல் ஆலைக் கழிவும் அப்பணியைச் செய்தன. அனைத்தும் மனிதர் கைச்செயல்கள். பாலைத்திணைக்குரிய உரிப்பொருள் பிரிவு. உழவர் நிலத்தையும், ஊர் கிணற்றையும், மக்கள் ஆற்றையும் பிரிந்து வாழும் இப்படுகையில் அவ்வுரிப்பொருளும் பொருந்தியே வருகிறது.

தெரியுமா?

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப்பகுதியில் தோன்றி வங்கக் கடலில் கலக்கிறது. அதன் மொத்த நீளம் 348 கிலோமீட்டர். இதில் கர்நாடகத்தில் 93 கிலோமீட்டரும், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும், தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டரும் பாய்கிறது. செங்கல்பட்டு மாவட்டம் வயலூர் அருகே அது கடலை அடைகிறது.

திட்டமிடுதலே முதற்பாடம்

இத்தகைய நிலத்தைக் காண ஒரு தன்வழிப் பயணத்தை மாணவரே வகுக்க வேண்டும். வண்டி ஓட்டும் உரிமம் பெற 18 வயது நிரம்ப வேண்டும். எனவே, வண்டியைப் பள்ளியோ பெற்றோரோ ஏற்பாடு செய்யட்டும். வழியை வகுப்பதும், நிறுத்தங்களைத் தேர்வதும், கையேட்டை எழுதுவதும் மாணவர் பொறுப்பாகட்டும்.

முதலில் திசையை முடிவு செய்ய வேண்டும். சென்னையிலிருந்து பெங்களூரு செல்வோர் ஆற்றை எதிர்த்துச் செல்கின்றனர். கற்றலுக்கு உகந்தது ஆறு ஓடும் திசையே. வாணியம்பாடியில் தொடங்கி, ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர், இராணிப்பேட்டை வழியாகக் காவேரிப்பாக்கத்தில் முடித்தால், 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி 100 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியான தொலைவு வரும். நிற்காமல் சென்றால் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும் இத்தொலைவுக்கு ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும். நிறுத்தம் ஒன்றுக்கு முக்கால் மணி நேரமேனும் கொடுக்காத பயணம் வெறும் கடந்து செல்லலாகவே முடியும்.

அடுத்தது காலம். மே மாதத்தில் வேலூரின் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய சனவரி பயணத்துக்கு இதமானது. ஏரிகளில் நீரையும் காணலாம். எனினும், சனவரியில் மட்டும் செல்பவர் ஆற்றைப் பற்றித் தவறான நிறைவுடன் திரும்பக்கூடும். மே மாதத்தில் மட்டும் செல்பவர் தவறான நம்பிக்கையின்மையுடன் திரும்பக்கூடும். ஒரே வழியை ஓராண்டில் இருமுறை காண்பதே முறை. கோடைப் பயணம் விடியலில் தொடங்க வேண்டும். பாலைக்குரிய சிறுபொழுதாகிய நண்பகலை வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தின் நிழலில் கழிக்கலாம்.

மூன்றாவது குடிநீர். ஜோஷுவா ட்ரீயின் கணக்கே இங்கும் பொருந்தும்: ஒருவருக்கு 4 லிட்டர். நாற்பது மாணவர் செல்லும் பேருந்துக்கு 160 லிட்டர் வேண்டும். ஓர் ஆற்றின் கரையோரமாகவே செல்லும் பயணத்துக்கு 160 லிட்டர் நீரை வீட்டிலிருந்து எடுத்துச் செல்லவேண்டிய நிலை ஏன் வந்தது என்பதே கையேட்டின் முதல் வினாவாக இருக்கட்டும். நீரில் கரைந்துள்ள திண்மங்களை அளக்கும் சிறு கருவி ஒன்றையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த திண்மங்கள் இருக்கலாம் என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. அக்கருவி குரோமியத்தைக் காட்டாது. அதற்கு ஆய்வகச் சோதனை வேண்டும். ஒரு கருவி எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதை அறிவதும் திட்டமிடலின் பகுதியே.

ஆறு நிறுத்தங்கள்

கையேட்டில் ஆறு நிறுத்தங்கள் இருந்தால் போதும்.

முதல் நிறுத்தம் வாணியம்பாடி. இங்கே காணவேண்டியது ஆற்றின் அகலம். ஓடாத ஆற்றுக்கு ஏன் இத்தனை அகலம் என்னும் வினாவுக்கு வரலாறு விடை தருகிறது. 1903ஆம் ஆண்டு நவம்பரில் வந்த வெள்ளம் இவ்வூரில் பேரழிவை விளைவித்தது. 2021ஆம் ஆண்டு நவம்பரிலும் பாலாறு கரைபுரண்டு ஓடியது. உறங்கும் ஆறு இறந்த ஆறாகாது. ஆற்றுப்படுகையை மனைநிலமாகவோ குப்பைமேடாகவோ கருதுவோர் இவ்விரு ஆண்டுகளையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாம் நிறுத்தம் ஆம்பூர். இங்கே காணவேண்டியது தொழில். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடும் கலை தென்னிந்தியாவில் நெடுங்காலம் சிறந்திருந்தது. 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முழுமையாக முடித்த தோலையும் காலணிகளையும் ஊக்குவித்தது. அதனால் உள்நாட்டில் வேலை பெருகியது. குரோமிய உப்பால் பதனிடும் முறையும் பெருகியது. இன்று இப்பகுதியின் காலணி ஆலைகளில் உழைப்போருள் பெண்கள் மிகப் பலர். அதிகாலையில் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து அவர்களை ஏற்றிவரும் ஆலைப் பேருந்துகளை மாணவர் சாலையில் காணலாம். உலகச் சந்தையில் விற்கும் காலணி ஒன்றின் தையலில் அவ்வூர்ப் பெண்ணின் கை இருக்கிறது. அவ்வூதியத்தில் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிகிறது. ஒரு பிள்ளை மேனிலைக் கல்வி பயில்கிறது. இதை எழுதாத கையேடு நேர்மையற்றது.

மூன்றாம் நிறுத்தம் ஆம்பூருக்கும் வேலூருக்கும் இடைப்பட்ட ஏதேனும் ஒரு சிற்றூரின் கிணறு. கிணற்றுக்கு உரியவரின் இசைவு பெற்று நீரை அளக்க வேண்டும். பச்சைத் தோல் கெடாதிருக்க அதன்மேல் உப்புத் தூவப்படுகிறது. முதற்கழுவலிலேயே அவ்வுப்பு நீரில் கரைந்துவிடுகிறது. பின்னர் சுண்ணாம்பும், சல்பைடும், குரோமியமும் சேர்கின்றன. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க 35 லிட்டர் நீர் செலவாகிறது என்னும் மதிப்பீட்டை உச்ச நீதிமன்றமே எடுத்துக்காட்டியுள்ளது. அந்நீர் பல்லாண்டுகள் நிலத்தில் விடப்பட்டதால் கிணறுகள் உவர்த்தன, வயல்கள் வெளுத்தன.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு வழங்கிய தீர்ப்பு இக்கிணற்றருகே படிக்கத்தக்கது. தோல் பதனிடும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியிழந்தது என்னும் ஆய்வு முடிவை அத்தீர்ப்பு பதிவு செய்தது. தீங்கு நேரும்முன் தடுக்க வேண்டும். மாசு செய்தவரே அதற்குரிய விலையைக் கொடுக்க வேண்டும் என்னும் இரு நெறிகளையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியென அது அறிவித்தது. இந்தியாவின் சூழலியல் வழக்குகளில் இன்றும் எடுத்தாளப்படும் அந்நெறிகள் பாலாற்றங்கரை உழவரின் கண்ணீரிலிருந்து பிறந்தவை என்பதை இப்பகுதி மாணவர் பலரும் அறியார்.

நான்காம் நிறுத்தம் வேலூர்ப் பாலம். இங்கே ஒரே ஒரு செய்தி போதும். பாலாற்றங்கரையில் அமர்ந்திருக்கும் வேலூருக்குக் காவிரி நீர் நெடுந்தொலைவிலிருந்து குழாய்வழி வருகிறது. தன் ஆற்றை இழந்த ஊர் பிறிதோர் ஆற்றின் கையை நாடி நிற்கிறது.

ஐந்தாம் நிறுத்தம் இராணிப்பேட்டை. இங்குள்ள தொழிற்பேட்டையில் இயங்கி, மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்றின் கழிவு மேடாகக் குவிந்து, நிலத்தடி நீருக்கு நச்சூட்டி வந்தது. ஆலை மூடினாலும் அதன் கழிவு மூடுவதில்லை. 2015 சனவரி 31 அன்று விடியற்காலையில் கூட்டுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத்தொட்டிச் சுவர் இடிந்து, அருகிலிருந்த தோல் ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் உயிரிழந்தனர். அவருள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். இந்நிறுத்தத்தில் வண்டியைவிட்டு இறங்கிக் கழிவிடங்களை நெருங்கக்கூடாது. தொலைவில் நின்று, உயிரிழந்தோரை எண்ணிச் சிறிதுநேரம் அமைதி காப்பதே போதும்.

ஆறாம் நிறுத்தம் வாலாஜாபேட்டைக்கு அருகேயுள்ள பாலாற்று அணைக்கட்டும் காவேரிப்பாக்கம் ஏரியும். மழைக்காலத்துச் சில நாள் வெள்ளத்தை மறித்து, கால்வாய்களில் திருப்பி, ஏரிதோறும் நிரப்பும் ஏற்பாடு இங்கே உள்ளது. இவ்வட்டாரத்து மகேந்திரவாடி ஏரி பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆண்டு முழுதும் ஓடாத ஆற்றை வைத்துக்கொண்டே ஆண்டு முழுதும் வாழ முன்னோர் அறிந்திருந்தனர். பயணம் அழிவில் முடியாமல் அறிவில் முடிய வேண்டுமாயின் இவ்விடமே கடைசி நிறுத்தமாக வேண்டும்.

மறுப்புகளும் விடைகளும்

இத்தகைய பயணம் தொழிலுக்கு இழுக்குத் தேடும் என்று சிலர் கூறக்கூடும். பல்லாயிரம் குடும்பங்கள் வாழும் தொழில் அது என்பதில் ஐயமில்லை. தீர்ப்புக்குப் பின்னர் கூட்டுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீரை முழுமையாகத் தூய்மையாக்கி மீண்டும் பயன்படுத்தும் முறை கொண்டுவரப்பட்டதும் உண்மை. 1948இல் சென்னையில் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நீரையும் உப்பையும் குறைக்கும் வழிகளை ஆராய்ந்து வருகிறது. கையேடு இவற்றையும் சொல்ல வேண்டும். நீரைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் உப்பை எங்கே வைப்பது என்னும் தீராத சிக்கலையும் சொல்ல வேண்டும். மறைத்துக் காக்கப்படும் நற்பெயர் நிலைப்பதில்லை. 2025 சனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கவும், அத்தொகையை மாசு செய்தவரிடமிருந்து பெறவும், ஆற்றை மீட்கும் பணியைக் கண்காணிக்கக் குழு அமைக்கவும் ஆணையிட்டது. முதல் தீர்ப்புக்குப் பின் 28 ஆண்டுகள் கடந்தும் வழக்கு முடியவில்லை என்பதிலிருந்தே, பேசாதிருத்தல் எதையும் தீர்க்கவில்லை என்பது புலனாகும்.

பிறர் துன்பத்தைக் காட்சிப்பொருளாக்குவது முறையா என்பது இரண்டாவது மறுப்பு. இது மதிக்கத்தக்க மறுப்பு. வெளியூரிலிருந்து ஒளிப்படக் கருவியுடன் வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்புவோருக்கு இது முழுதும் பொருந்தும். அதனாலேயே இக்கையேட்டை வெளியார் எழுதக்கூடாது. ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ உள்ள ஒரு மேனிலைப் பள்ளியின் வகுப்பறையை எண்ணிப் பார்க்கலாம். தோல் ஆலையில் ஊதியம் பெறும் தந்தையின் மகளும், உவர்நீரால் நிலத்தைக் கைவிட்ட உழவரின் மகனும் அங்கே ஒரே இருக்கையில் அமர்ந்திருப்பர். ஒருவருக்கு ஆலை மூடினால் உணவில்லை; மற்றவருக்கு ஆலை மாசு செய்தால் நிலமில்லை. இரண்டும் உண்மை. வழக்கு மன்றத்தில் எதிரெதிராக நிற்கும் இவ்விரு உண்மைகளும் ஒருங்கே அமரும் இடம் வகுப்பறை ஒன்றே. அவ்விருவரும் சேர்ந்து எழுதும் கையேட்டில் வெறுப்பும் இராது, பூசிமெழுகலும் இராது.

பாதுகாப்பு குறித்த கவலை மூன்றாவது. பாலைநிலப் பூங்காவின் ஒழுக்கங்களே இதற்கு விடை. இசைவின்றி எந்த ஆலைக்குள்ளும் நுழையாதிருத்தல், கழிவையும் கலங்கிய நீரையும் கையால் தொடாதிருத்தல், நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்காமல் ஊர்ச்சாலையில் வண்டியை நிறுத்துதல், மேற்பகுதியில் மழை பெய்யும் நாளில் ஆற்றுமணலில் இறங்காதிருத்தல், கொண்டுசென்ற நெகிழிக் குப்பியைக் கொண்டே திரும்புதல் ஆகியவற்றைக் கையேட்டின் முதற்பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.

எழுதப்படாத பக்கம்

ஆற்றுப்படைப் புலவர் வழியைக் கூறினர். வழியின் இடர்களைக் கூறினர். இறுதியில் அடையப்போகும் வளத்தையும் கூறினர். பாலாற்று ஆற்றுப்படைக்கு முதலிரண்டும் இன்றே எழுதக் கிடைக்கின்றன. மூன்றாவது இன்னும் எழுதப்படவில்லை. அதற்காகக் கையேட்டின் கடைசிப் பக்கத்தை வெற்றுக் கட்டங்களாக விட்டுவைக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் செல்லும் மாணவர் குழு அப்பக்கத்தில் சில செய்திகளையே எழுதட்டும்: சென்ற நாள், ஆற்றில் நீர் இருந்ததா, கிணற்று நீரின் அளவீடு எவ்வளவு, ஏரி எந்த மட்டில் நின்றது. குறிப்பு எடுக்கும் வேலைக்கு ஐந்து நிமிடம் போதும். பத்தாண்டுகள் தொடர்ந்து எழுதப்பட்டால் அது எந்த அலுவலகமும் புறந்தள்ள இயலாத சான்றாக நிற்கும். ஆறு மீள்கிறதா, மேலும் திரிகிறதா என்பதை அப்பகுதி மக்கள் பிறர் சொல்லக் கேட்க வேண்டியதில்லை. தம் பிள்ளைகளின் கையெழுத்திலேயே படித்தறியலாம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் உள்ள ஆறு, ஏரி, குளம் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, ஐந்து நிறுத்தங்கள் கொண்ட தன்வழிப் பயணக் கையேடு ஒன்றை உருவாக்குக.

2. 'மாசு செய்தவரே அதற்குரிய விலையைக் கொடுக்க வேண்டும்' என்னும் நெறியை ஆலை உரிமையாளர், தொழிலாளர், உழவர் ஆகிய மூவர் நோக்கிலும் வகுப்பில் கலந்துரையாடுக.

3. ஆற்றுப்படை நூல்கள் கூறும் வழிச்செய்திகளையும் இன்றைய பயணக் கையேடுகள் கூறும் செய்திகளையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.